சீருடைக்குப் பிறகு: படைச்சேவையை விட்டு வெளியேறுவோரும் அவர்களின் அடுத்த தொழிலும்

2023 ஜனவரியில் இலங்கையின் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் பிரேமித பண்டார தென்னக்கோன் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். 200,783 ஆக இருந்த இராணுவத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி 2024இல் 135,000 ஆகவும், 2030இல் 100,000 ஆகவும் குறைக்கப்படும் என்பது அதன் சாரம். இதைச் செலவுக் கணக்காகப் பார்த்தவர்கள் உண்டு, நாட்டின் பாதுகாப்புக் கணக்காகப் பார்த்தவர்களும் உண்டு. வெளியே வரும் பல்லாயிரம் பேர் மறுநாள் காலையில் என்ன தொழிலுக்குப் போவார்கள் என்ற கேள்வி மட்டும் ஓரத்திலேயே நின்றுவிட்டது. அந்தக் கேள்வியை நடுவில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காரைதீவிலிருந்து இதை எழுதக் காரணம் உண்டு. வடக்கே மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை, தெற்கே நிந்தவூர், மேற்கே மாவடிப்பள்ளி, சம்மாந்துறை. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இந்தக் கரையோரத்தில் கலியாணப் பேச்சு தொடங்கினால் முதற்கேள்வி "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்பதுதான். அரச உத்தியோகம் என்றால் பேச்சு பாதி முடிந்தமாதிரி. முப்படைகளில் எங்கள் பிள்ளைகள் மிகச் சிலரே என்றாலும், ஊர்காவல் படையிலும் அதன் வழிவந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களத்திலும் சீருடை அணிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். உறுதியான சம்பளத்தை விட்டுவிட்டுப் புதிய தொழிலில் இறங்கலாமா என்ற தவிப்பு அவர்களின் வீடுகளிலும் உண்டு.

வரலாறு, சட்டம், அண்டை நாடுகளின் அனுபவம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. படையை விட்டு வந்து தேறியவர்களைத் தேறவைத்தது முன்கூட்டிய ஏற்பாடு. துணிச்சல் அதற்குத் துணை நின்றது, அவ்வளவே. அந்த ஏற்பாட்டில் ஒரு பாதி வெளியேறுபவரின் பொறுப்பு. மறுபாதி அவரை வேலைக்கு வைத்திருந்த அரசின் பொறுப்பு.

வரலாறு காட்டும் இரண்டு உதாரணங்கள்

இலங்கையில் படைக்கலைப்பு புதிய விடயமல்ல. ஒல்லாந்தர் காலத்தில் இங்கு கொண்டுவரப்பட்ட மலாய் வீரர்களை ஆங்கிலேயர் தங்கள் படையில் தொடர்ந்து வைத்துக்கொண்டனர். அந்தப் படையே பின்னர் இலங்கை றைபிள் படையணி என அறியப்பட்டது. தகப்பனுக்குப் பிறகு மகன் என்று தலைமுறை தலைமுறையாகப் படைச்சேவையையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் அதில் இருந்தன. 1873இல் படையணி கலைக்கப்பட்டபோது அந்தக் குடும்பங்களின் வருமான வழி ஒரேயடியாக அடைபட்டது.

அவர்களில் பலர் பொலிஸில் சேர்ந்தார்கள். சிலர் கொழும்பின் தீயணைப்புப் படைக்குப் போனார்கள், சிலர் மலைநாட்டுத் தோட்டங்களில் மேற்பார்வை வேலை தேடிக்கொண்டார்கள். குடியேற்ற அரசு பொலிஸ் சேவையை விரிவாக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஒழுங்கு, உடல்வலு, கட்டளைக்குப் பணிதல், இரவுக் காவல் என்று படையில் பழகியவை அனைத்தும் அங்கே அப்படியே பயன்பட்டன. பழைய தொழிலுக்கு மிக அருகிலுள்ள புதிய தொழில் திறந்திருந்ததாலும், ஆட்களைக் கூட்டமாகச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்கள் இருந்ததாலும் அந்தச் சமூகம் பெரும் சரிவிலிருந்து தப்பியது.

இரண்டாவது உதாரணம் ஒரு தனிமனிதர். 1949இல் அமைக்கப்பட்ட இலங்கை இராணுவத்துக்குத் தளபதியான முதல் இலங்கையர் ஒரு தமிழர்: மேஜர் ஜெனரல் அன்ரன் முத்துக்குமாரு. 1955 முதல் 1959 முடியும்வரை அவர் அப்பதவியில் இருந்தார். ஓய்வுபெற்றபின் பாகிஸ்தான், அவுஸ்திரேலியா, எகிப்து ஆகிய நாடுகளில் இலங்கையின் இராஜதந்திரியாகப் பணியாற்றினார். பின்னர் இலங்கையின் படை வரலாற்றைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். சீருடை அணிவதற்கு முன்பே அவர் ஒக்ஸ்போர்டில் படித்த சட்டத்தரணி என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். படைக்குள் போகும்போதே வேறொரு தொழில் அவர் கையில் இருந்தது. வெளியே வந்தபோது பதவியோடு அந்தக் கல்வியும் சேர்ந்து நின்று அவருக்கு வழி திறந்தது.

1962 ஜனவரியில் நடந்த சதிப்புரட்சி முயற்சிக்குப் பிறகு படையின் முகம் மாறியது. கிறிஸ்தவரும் தமிழரும் பறங்கியரும் கணிசமாக இருந்த அதிகாரிகள் குழாம், மெல்ல மெல்லப் பெரும்பான்மைச் சமூகத்தவருக்கே உரியதானது. தொடர்ந்து வந்த போர் தமிழ் இளைஞருக்கும் படைக்கும் இடையில் கடக்க முடியாத தூரத்தை உண்டாக்கியது. இன்று தமிழ் பேசும் குடும்பங்களில் படை ஓய்வூதியம், விடுகை, மறுவாழ்வுப் பயிற்சி போன்றவற்றைப் பற்றிய நடைமுறை அறிவு மிகக் குறைவு. சிங்களக் கிராமங்களில் மாமனும் மச்சானும் சொல்லித்தரும் விடயங்களை எங்கள் ஊரில் சொல்லித்தர ஆளில்லை.

உத்தியோகப் பாதுகாப்பு எதனால் ஆனது?

படைவேலை பாதுகாப்பானது என்று எல்லோரும் சொல்கிறோம். அந்தப் பாதுகாப்பைப் பிரித்துப் பார்த்தால் மூன்று பகுதிகள் தெரியும்.

முதலாவது, ஓய்வூதியக் கோடு. இலங்கைப் படைகளில் சிப்பாய்கள் 22 ஆண்டுகளும் அதிகாரிகள் 20 ஆண்டுகளும் சேவை முடித்தால் ஓய்வூதியம் பெறுகிறார்கள். பதினெட்டு வயதில் சேர்ந்தவர் நாற்பது வயதில் ஓய்வூதியத்தோடு வீடு திரும்பலாம் என்பதே இந்த வேலையின் பெரிய கவர்ச்சி. ஆனால் கோட்டுக்கு ஒரு வருடம் முன்பு வெளியேறுபவருக்கும் ஒரு வருடம் பின்பு வெளியேறுபவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு வாழ்நாள் முழுவதற்குமானது. போரில் காயமடைந்து, ஊனமுற்றோருக்குரிய கோடான பன்னிரண்டு ஆண்டுச் சேவை நிறைவதற்கு முன்பே வெளியேற்றப்பட்ட ஊனமுற்ற வீரர்கள், முழு ஓய்வூதியம் கேட்டுக் கொழும்புத் தெருக்களில் பல நாட்கள் போராட வேண்டியிருந்தது. கோட்டுக்கு வெளியே நின்றவர்களின் நிலை எப்படிப்பட்டது என்பதை நாடு அப்போது நேரில் பார்த்தது.

பிற நாடுகளிலும் இந்தக் கோடு உண்டு. இந்தியாவில் சிப்பாய்க்கு 15 ஆண்டு, அதிகாரிக்கு 20 ஆண்டு. அமெரிக்காவிலும் நீண்டகாலம் 20 ஆண்டு விதியே இருந்தது. அங்கே படையில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் அந்தக் கோட்டைத் தொடாமலே வெறுங்கையோடு வெளியேறினர். அந்த அநியாயத்தைக் குறைக்க 2018 முதல் அமெரிக்கா ஒரு கலப்பு முறையைக் கொண்டுவந்தது. வீரர் சேமிக்கும் பணத்தோடு அரசும் பங்களிக்கிறது, சில ஆண்டுகளில் வெளியேறினாலும் அந்தச் சேமிப்பு அவருடையதே. பிரித்தானியாவில் இரண்டு ஆண்டுச் சேவை செய்தவருக்கே அந்த ஆண்டுகளுக்குரிய ஓய்வூதிய உரிமை காத்துவைக்கப்பட்டு, முதுமையில் வழங்கப்படுகிறது. இலங்கையில் இப்படியொரு இடைவழி இல்லை. கோட்டைத் தாண்ட வேண்டும், இல்லையேல் பெரும்பகுதியை இழக்க வேண்டும்.

இரண்டாவது, சம்பளச் சீட்டில் தெரியாத சம்பளம். முகாமில் உணவு, உடை, தங்குமிடம், மருத்துவம் எல்லாம் கிடைக்கின்றன. வெளியே அதே தொகையைச் சம்பளமாக வாங்குபவர், வாடகையும் சாப்பாடும் பஸ் கூலியும் மருந்துச் செலவும் போக மிஞ்சுவதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோக முடியும். தனியார் நிறுவனத்தில் சேர்ந்தால் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் தர வேண்டும். இவை சட்டப்படி உரிய உரிமைகள். பத்து, பதினைந்து ஆண்டுகளில் இது நல்ல தொகையாகச் சேரும். ஆகவே புதிய வேலையை எடைபோடும்போது சம்பளத்தை மட்டும் கேட்காமல், இந்த நிதிகளுக்கு ஒழுங்காகப் பணம் கட்டும் நிறுவனமா என்றும் கேட்க வேண்டும். கட்டாத நிறுவனம் அதிகச் சம்பளம் தந்தாலும் குறைவாகத் தருவதாகவே கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கூட்டமும் தரமும். இருபது ஆண்டுகள் ஒரே அணியில் உண்டு உறங்கியவர், சார்ஜன்ட் என்ற பட்டத்தோடு ஐம்பது பேரை நடத்தியவர், வெளியே வந்து இருபத்தைந்து வயது மேற்பார்வையாளரிடம் வேலை கேட்டு நிற்க வேண்டியிருக்கும். இந்த இழப்புக்கு ஓய்வூதியமோ பணிக்கொடையோ ஈடாகாது. வீட்டார் இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் மனிதர் உள்ளுக்குள்ளேயே உடைந்துபோவார்.

வெளியேறும் மூன்று வழிகள்

படையிலிருந்து வெளியே வர மூன்று வழிகள் உண்டு: சேவைக்காலம் முடித்து ஓய்வுபெறுதல், அனுமதி பெற்று இடையில் விடுகை பெறுதல், சொல்லாமல் ஓடிவிடுதல்.

மூன்றாவது வழியில் போனவர்களின் தொகை இலங்கையில் அச்சமூட்டும் அளவு பெரியது. போர்க்காலத்தில் பல்லாயிரம் பேர் முகாம்களை விட்டு ஓடினர். அவர்களைச் சட்டபூர்வமாக விடுவிக்க அரசு பலமுறை பொதுமன்னிப்புக் காலம் அறிவித்தது. 2022 நவம்பர் 15 முதல் டிசம்பர் 31 வரையும், 2024 ஏப்ரல் 2 முதல் 20 வரையும் வழங்கப்பட்டவை அண்மைய உதாரணங்கள். 2025 பெப்ரவரியில் கொழும்பு நீதிமன்றம் ஒன்றினுள் நடந்த துப்பாக்கிச் சூட்டுக் கொலைக்குப் பிறகு, தப்பியோடியவர்களைத் தேடிப் பிடிக்கும் பணி தீவிரமாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர்.

தப்பியோடியவர் இழப்பது ஓய்வூதியத்தை மட்டுமல்ல. பத்தாண்டு கற்ற தொழிலை வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. சேவைச் சான்றிதழ் இல்லாததால் நல்ல நிறுவனம் எதிலும் பதிவுசெய்ய முடியாது. நாட்கூலிக்கும், மறைவான வேலைகளுக்கும், சிலவேளை குற்றக் கும்பல்களுக்கும் இரையாகிறார். மன்னிப்புக் காலத்தில் விண்ணப்பித்து விடுகைப் பத்திரம் எடுத்துக்கொண்டவர் அந்தச் சிறையிலிருந்து விடுபடுகிறார். ஒரு தாளின் மதிப்பை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது.

ஓய்வூதியம் வாங்கியவர்களும் பத்திரமாக இல்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி அவர்களின் மாத வருமானத்தின் பெறுமதியை வெகுவாகக் குறைத்தது. ஓய்வுபெற்ற இலங்கைப் படையினர் பலர் முகவர்களால் ஏமாற்றப்பட்டு, படைசாரா வேலை என்ற வாக்குறுதியோடு ரஷ்யாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, உக்ரெய்ன் போர்முனையில் நிறுத்தப்பட்டனர். 288 பேர் சென்றதாகவும் குறைந்தது 16 பேர் கொல்லப்பட்டதாகவும் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் 2024 மே மாதத்தில் தெரிவித்தார். படையை விட்டு வந்தவர்களுக்கு உள்ளூரில் வழி காட்டாத நாடு, அவர்களை அந்நிய மண்ணின் பதுங்குகுழிக்கு இழந்தது. இதைக் கேட்டு வேதனைப்படுவதற்கு அவர்கள் எந்த இனத்தவர் என்று பார்க்க வேண்டியதில்லை.

இந்தியாவும் தமிழகமும் சொல்லும் பாடம்

படைவீரரின் மறுவாழ்வில் இந்தியா நீண்ட அனுபவம் உள்ள நாடு. முன்னாள் படைவீரருக்கு மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் 10 வீதமும், 'டி' பிரிவுப் பணிகளில் 20 வீதமும் ஒதுக்கீடு உண்டு. இதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டு படைச்சேவை செய்தவரை, பட்டதாரித் தகுதி கேட்கும் 'சி' பிரிவுப் பணிகள் பலவற்றுக்கு விண்ணப்பிக்க அந்த விதி அனுமதிக்கிறது. சேவை ஆண்டுகளைக் கல்வித் தகுதியாக மதித்த இந்த ஒரு விதி எத்தனையோ குடும்பங்களுக்கு வழி திறந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 1986இல் தொடங்கப்பட்ட டெக்ஸ்கோ என்ற முன்னாள் படைவீரர் கழகம் வெளியே வந்தவர்களுக்குக் காவல் பணி முதலிய வேலைகளைப் பெற்றுத் தருகிறது. 2024 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தை அறிவித்தார். சொந்தத் தொழில் தொடங்கும் முன்னாள் படைவீரருக்கு ஒரு கோடி ரூபாய் வரை கடன், 30 வீத முதலீட்டு மானியம், 3 வீத வட்டி மானியம் என்பவை அதன் அம்சங்கள். வேலை கேட்டு வருபவராக மட்டும் பார்க்காமல், வேலை கொடுக்கக்கூடியவராகவும் படைவீரரைப் பார்த்தது அதன் சிறப்பு.

அதே இந்தியாவில் 2022 ஜூன் 14இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம், படைக்குப் பிறகு என்ன தொழில் என்ற கேள்வியையே தலைகீழாகப் புரட்டியது. இளைஞர்கள் நான்கு ஆண்டுக்கே படையில் எடுக்கப்படுகிறார்கள். காலம் முடிந்ததும் அவர்களில் 25 வீதத்தினர் வரையே நிரந்தரமாகத் தொடர்வார்கள். மற்றவர்கள் ஏறக்குறைய 11.71 இலட்சம் ரூபாய்ச் சேவை நிதியோடு, ஓய்வூதியம் இன்றி, இருபத்தைந்து வயதுக்குள் வீடு திரும்ப வேண்டும். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் ரயில்கள் எரிந்த அளவுக்கு எதிர்ப்பு எழுந்ததற்குக் காரணம், படைவேலை என்றாலே பாதுகாப்பு என்றிருந்த பல தலைமுறை நம்பிக்கை ஒரே நாளில் பறிபோனதுதான். அக்னி வீரர்களின் படைப்பயிற்சியைப் பட்டப்படிப்புக்குரிய கற்றல் அலகுகளில் (credits) பாதியாக ஏற்க இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒழுங்கு செய்தது நல்ல காரியம். ஓய்வூதியம் இல்லாத படைவேலைக்குச் சான்றிதழ் ஒன்றே மிச்சமாகும்.

தமிழ் வாசகர்களுக்குச் 'சூரரைப் போற்று' திரைப்படம் நினைவிருக்கும். அதற்கு அடிப்படையான கப்டன் ஜி.ஆர்.கோபிநாத் கர்நாடகத்தைச் சேர்ந்தவர். 1971 போரில் பங்கேற்று, எட்டு ஆண்டுச் சேவைக்குப் பிறகு, ஓய்வூதியக் கோட்டுக்கு வெகுதூரம் முன்பே இராணுவத்திலிருந்து விலகினார். ஹாசன் மாவட்டத்தில் நிலத்தில் இறங்கி விவசாயமும் பட்டுப்பூச்சி வளர்ப்பும் செய்தார். ஹெலிகொப்டர் நிறுவனம் தொடங்கியது 1997இல். ஏர் டெக்கான் பறந்தது 2003இல். படையை விட்டதற்கும் விமானத்துக்கும் இடையில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது. திரையில் இரண்டரை மணி நேரத்தில் முடியும் கதையைப் பார்த்துவிட்டு விலகல் கடிதம் எழுத நினைக்கும் இளைஞர் இந்த ஆண்டுக்கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இலங்கையிலும் அப்படி ஓர் உதாரணம் உண்டு. கோட்டாபய ராஜபக்ஷ 1991இல் இருபது ஆண்டு சேவைக்குப் பிறகு இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பப் பட்டப்பின் டிப்ளோமா முடித்து, கணினித் துறையில் வேலை செய்தார். பின்னர் அமெரிக்காவில் ஒரு சட்டக் கல்லூரியில் கணினி நிர்வாகியாகப் பணியாற்றினார். அவருடைய பிற்கால அரசியல் எங்கள் மக்களின் நெஞ்சில் ஆறாத புண். அதை மறக்காமலே, ஓய்வூதியக் கோட்டைக் கடந்ததும் உடனடியாகப் புதிய துறையில் தகைமை எடுத்ததும் ஆகிய இரண்டு படிகளை மட்டும் இங்கே குறிக்கிறேன்.

கையிலுள்ள திறன், கையில் இல்லாத சான்றிதழ்

இலங்கையில் படையை விட்டு வந்தவர்களுக்கு எளிதில் கிடைக்கும் வேலை காவலாளி வேலை. வங்கி வாசலிலும் ஆடைத் தொழிற்சாலை வாசலிலும் வளைகுடா நாடுகளின் கட்டடங்களிலும் அவர்களைப் பார்க்கலாம். சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் காலித் துறைமுகத்திலிருந்து வணிகக் கப்பல்களில் ஏறிக் காவல் செய்தவர்கள் நல்ல சம்பளம் வாங்கினர். கொள்ளை குறைந்ததும் அந்தத் தொழிலும் சுருங்கியது. துப்பாக்கி பிடிக்கத் தெரியும் என்பதை மட்டும் நம்பிய தொழில்களுக்கு ஆயுள் குறைவு.

படைக்குள் வேறு எத்தனையோ திறன்கள் உண்டு. கனரக வாகனம் ஓட்டுவோர், டீசல் இயந்திரம் பழுதுபார்ப்போர், மருத்துவ உதவியாளர், வானொலித் தொடர்பாளர், சமையற்காரர், பாலம் கட்டுவோர், களஞ்சியக் கணக்கர் என்று எத்தனை பேர்! ஒரு படையணியின் களஞ்சியத்தைப் பத்தாண்டு பொறுப்பெடுத்து நடத்தியவர் கல்முனையின் பெரிய மொத்தக் கடை எதையும் நிர்வகிக்க வல்லவர். ஆனால் அவர் கையில் அதைச் சொல்லும் தாள் இல்லை.

இதற்கு இலங்கையில் வழி இருக்கிறது. என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமை முறையில், வகுப்புக்குப் போகாமலே, அனுபவத்தால் கற்ற திறனைப் பரீட்சித்துச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு உண்டு. மதிப்பீட்டாளர் வந்து கேள்வி கேட்பார், செய்துகாட்டச் சொல்வார். தேறினால் மூன்றாம் அல்லது நான்காம் மட்டச் சான்றிதழ் கிடைக்கும். வெளிநாட்டு வேலைக்கும் உள்ளூர் வேலைக்கும் அது செல்லுபடியாகும். இதைச் சேவையிலிருக்கும்போதே எடுத்துக்கொள்வதுதான் புத்தி. வெளியே வந்தபின், செய்த வேலைக்குச் சாட்சி சொல்லும் மேலதிகாரியைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் படைவீரர் அல்லர். ஆனால் பாதுகாப்பான பதவியை விட்டு வேறு வாழ்வு தேடியவர்களில் எங்கள் ஊர் அறிந்த மிகப்பெரிய மனிதர் அவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வையும் இலண்டன் விஞ்ஞானப் பட்டத்தையும் முடித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர், 1922இல் அதை விட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். அதிபர் நாற்காலியை விட்டாரே தவிர, கற்ற விஞ்ஞானத்தையும் தமிழையும் விடவில்லை. அவையே அவரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக்கின. அந்த விஞ்ஞானமும் தமிழும் சேர்ந்துதான் 1947இல் 'யாழ் நூல்' என்ற இசை ஆய்வு நூல் ஆயின. பதவி போகும், தகைமை கூடவே வரும் என்பதற்கு எங்கள் மண்ணிலேயே சான்று இருக்கிறது.

எங்கள் கரையோரத்தின் கணக்கு

கிழக்குக் கரையில் சீருடையின் வரலாறு இரத்தம் தோய்ந்தது. 1980களில் ஊர்காவல் படை உருவானது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதத்தில் வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அஞ்சிய ஊர்கள் தங்கள் பிள்ளைகளின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தன. அதனால் காப்பும் கிடைத்தது, அயலூரின் மனதில் ஆழமான பயமும் விளைந்தது. 2006இல் ஊர்காவல் படை சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாறியபோது, அவசரத்துக்கு எடுத்த ஆட்கள் மாதச் சம்பளம் வாங்கும் அரச ஊழியர் ஆனார்கள்.

போர் முடிந்தபின் வன்னியில் இதே திணைக்களம் முன்னாள் போராளிகள் உட்படப் பல தமிழர்களைப் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் வேலைக்கு அமர்த்தியது. சாதாரண முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைத்ததைவிடப் பல மடங்கு சம்பளம் அங்கே கிடைத்தது. குழந்தைகளின் கல்வியைப் படைசார்ந்த திணைக்களம் நடத்தலாமா என்ற நியாயமான எதிர்ப்பு எழுந்தது. ஆனால் அந்தப் பெண்களிடம் வேலையை விடச் சொன்னவர்கள் அதே சம்பளத்துக்கு வேறு வேலை காட்டவில்லை. 2018இல் விசுவமடுவில் இடமாற்றம் பெற்றுச் சென்ற அத்திணைக்கள அதிகாரி ஒருவருக்காக மக்கள் அழுததைக் கண்டு நாடே வியந்தது. மாதம் முடிந்தால் கைக்கு வரும் சம்பளம் ஒரு குடும்பத்துக்கு என்ன என்பதை வறுமையில் இருந்தவர்கள் அறிவார்கள்.

எங்கள் கரையோரத்துக்கு இன்னொரு தனிக்கணக்கு உண்டு. இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் சீதன வீட்டுக்கே வருகிறார். வேலையை விட்டு வரும் ஆணுக்கு வாடகைப் பயம் இல்லை என்பது பெரிய ஆறுதல். அதேவேளை அவருக்குப் பெண்பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மொத்தமாகக் கைக்கு வரும் பணிக்கொடை தொழிலுக்கு முதலீடாவதற்கு முன்பே சீமெந்தாகவும் கம்பியாகவும் மாறிவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெண்ணுக்கு வீடு என்ற வழக்கம் எங்கள் பெண்களுக்குப் பெரும் பாதுகாப்பு. ஆனால் வெளியேறும் முடிவை எடுப்பவர், அந்தப் பணத்தில் எவ்வளவு வீட்டுக்கு, எவ்வளவு தொழிலுக்கு என்று மனைவியோடு முன்கூட்டியே பேசிப் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் தொடங்கிய கடைகளும் வள்ளங்களும் கடனில் முடிகின்றன.

புதிய தொழிலுக்கு இங்கே வாய்ப்பில்லாமல் இல்லை. சம்மாந்துறை வட்டைகளில் நெல்லும் அரிசி ஆலையும் உண்டு. சாய்ந்தமருது, மாளிகைக்காடு கரையில் மீன்பிடியும் படகு இயந்திரப் பழுதுபார்ப்பும் உண்டு. மருதமுனையில் கைத்தறி, கல்முனையில் வியாபாரம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். படையில் இயந்திரம் பார்த்தவருக்கு அறுவடை இயந்திரமும் படகு இயந்திரமும் அந்நியமல்ல. அறுவடைக் காலத்தில் அந்த இயந்திரங்கள் பழுதானால், திருத்தத் தெரிந்தவருக்கு வேலை தேடி வரும்.

செய்ய வேண்டியவை

1944இல் அமெரிக்கா இயற்றிய படைவீரர் மறுசீரமைப்புச் சட்டம், போர் முடிந்து திரும்பியவர்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வழிசெய்தது. 1956க்குள் ஏறக்குறைய 78 இலட்சம் பேர் அதன் மூலம் கல்வியும் தொழிற்பயிற்சியும் பெற்றார்கள். திரும்பி வருவோரைச் சுமையாகக் கருதாமல், நாட்டின் தொழில்வளமாகக் கருதியதன் பலன் அது. எங்கள் நாட்டில் படைவீரர் நலனுக்கான ரணவிரு சேவா அதிகார சபை 1999இல் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் பணி நலன்புரியோடு நின்றுவிடாமல் தொழில் மாற்றத்தையும் மையமாகக் கொள்ள வேண்டும்.

ஆளணியைக் குறைக்கும் அரசு நான்கு காரியங்களைச் செய்ய வேண்டும். முதலாவது, சேவையின் கடைசி இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொருவருக்கும் என்.வி.கியூ. மதிப்பீட்டைக் கட்டாயமாக்குதல். இரண்டாவது, கோட்டுக்கு முன் வெளியேறுவோருக்குச் சேவை ஆண்டுகளுக்கு ஏற்ற சேமிப்பு உரிமையை வழங்குதல். மூன்றாவது, மேற்கூறிய எல்லாத் தகவலையும் தமிழிலும் தமிழ் அலுவலர் மூலமும் பிரதேச செயலகங்களில் கிடைக்கச் செய்தல். நான்காவது, வெளிநாட்டுப் போர்முனைக்கு ஆள்பிடிக்கும் முகவர்களைத் தயவின்றித் தண்டித்தல்.

சீருடையைக் கழற்ற நினைப்பவரிடம் சொல்ல வேண்டியவை சில. உங்கள் ஓய்வூதியக் கோடு எத்தனை மாதத்தில் இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். இரண்டு, மூன்று ஆண்டுக்குள் என்றால் பொறுத்திருங்கள். வெகுதூரம் என்றால், வெளியே வருவதற்கு முன்பே ஒரு சான்றிதழையும் ஒரு வருடச் செலவுக்குச் சேமிப்பையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிலையிலும் ஓடிவராதீர்கள், அனுமதியோடும் பத்திரத்தோடும் வெளியே வாருங்கள். முடிவை மனைவியோடு சேர்ந்து எடுங்கள்.

ஊராருக்கும் ஒரு வேண்டுகோள். வேலையை விட்டு வந்தவரைப் பார்த்து "நல்ல உத்தியோகத்தை விட்டுட்டு வந்திட்டான்" என்று சொல்லாதீர்கள். அவர் நேர்மையாகத் தொழில் தொடங்கினால் அவருடைய வாடிக்கையாளராகுங்கள். அவர் காரைதீவுத் தமிழரா, நிந்தவூர் முஸ்லிமா, அம்பாறைச் சிங்களவரா என்று பார்க்காமல் அவருடைய வேலையின் தரத்தைப் பாருங்கள். முப்பது ஆண்டுப் போர் இந்தக் கரையில் விட்டுச்சென்ற பகையை மாற்றுவதில் அந்த வாடிக்கைக்கும் ஒரு பங்கு உண்டு.